கரியில் எழுதிய பெயர்

பீங்கான் தட்டு சுடுகிற ஹகுரெய் சூளை வீட்டில் அக்காவும் தங்கையும் ஒரே மேசையில்தான் சாப்பிடுவார்கள். பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது. முள்ளங்கி ஊறுகாய் வேண்டுமென்றால் பெரியவள் மிசாவோ விரலால் மேசையை இரண்டு தட்டு தட்டுவாள். சின்னவள் கினுயோ கிண்ணத்தை நகர்த்துவாள், அதுவும் பாதித் தூரத்துக்கு. மீதிப் பாதிக்கு மிசாவோ உடம்பை வளைத்துக் கையை நீட்டிக்கொள்ள வேண்டும். தொழில் விஷயமாக நாலு வார்த்தை பேசியே ஆக வேண்டுமென்றால் பட்டறையில் பேசுவார்கள். பன்னிரண்டு வருடமாக இப்படித்தான். அரித்தா ஊர் முழுக்க இது தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதில் எங்கள் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆள் இல்லை.

காரணம் ஒரு பெயர். எங்கள் பக்கத்தில் சூளையின் பெயர் பரம்பரையாக ஒருவருக்குத்தான் போகும். அதைப் பெற்றவர் தன் சொந்தப் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு அந்தப் பெயராகவே ஆகிவிடுவார். மூன்றாம் ஹகுரெய்யாக இருந்த அப்பா சாகிற சமயத்தில் பெயரை மிசாவோவுக்குக் கொடுத்தார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நினைத்தாரோ, மூத்தவள் இருக்க இளையவளுக்குக் கொடுத்தால் ஊர் சிரிக்கும் என்று நினைத்தாரோ, கேட்பதற்கு இப்போது அவர் இல்லை. தட்டில் பூப் போடுகிற கை கினுயோவின் கை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தே செய்தார். கினுயோவுக்கு ஆறாதது அதுதான்.

மிசாவோவுக்குக் கை வராது என்று சொன்னால் எனக்குப் பாவம் வரும். இருபது வயதில் அவள் இழுத்த கோடு சுத்தமாக இருக்கும். ஆனால் பெயர் வந்த பிறகு அவள் புகுவோகாவிலும் தோக்கியோவிலும் பெரிய கடைகளில் கண்காட்சி வைத்தாள், சாம்பல் நிறக் கிமோனோவில் நின்று தலைவணங்கினாள், பத்திரிகைக்காரர்களிடம் பூவின் ஆன்மாவைப் பற்றிப் பேசினாள். தூரிகையை மறந்தே போனாள். பட்டறைக்கு வருவது ஒரே ஒரு வேலைக்கு. தட்டைக் கவிழ்த்து, அடிவளையத்துக்குள் 'ஹகுரெய்' என்று எழுதுவாள். அந்த வீட்டு வழக்கப்படி அதை வேறு யாரும் எழுதக் கூடாது. அவள் எழுதுகிற நேரத்தில் பட்டறையில் எல்லோரும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு மடியில் கை கட்டி உட்கார வேண்டும். கினுயோவும்தான்.

இந்த வசந்தத்தில், இறந்த வருடத்தையும் சேர்த்து எண்ணுகிற எங்கள் கணக்கில், அப்பாவின் பதின்மூன்றாம் நினைவு நாள் வந்தது. பிக்கு ஓதி முடித்து, எல்லோரும் பீன் கேக் தின்றுகொண்டிருந்தபோது, மிசாவோவுக்கு என்ன தோன்றியதோ, சபையில் வைத்து வாக்குக் கொடுத்தாள். இலையுதிர் காலத்து மாகாணக் கண்காட்சிக்கு இந்த முறை ஒரு தட்டு கினுயோவின் பெயரிலேயே போகும், அடியில் கினுயோ என்றே எழுதலாம் என்றாள். உறவுக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நாற்பது வருடமாகச் சூளையில் தீ பார்க்கிற தொகுஜி கிழவர்கூட மூக்கை உறிஞ்சினார். கினுயோ தரையில் நெற்றி படும்படி வணங்கினாள். ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாகத் தன் பெயருக்கென்று ஒரு தட்டு.

அந்தத் தட்டுக்கு அவள் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டாள். ஒன்றரை அடி அகலம். ஹகுரெய் சூளையின் சாமந்தி பேர்போனது. நிமிர்ந்து நிற்கும், இதழுக்கு இதழ் கோடு போட்டிருக்கும், போலீஸ்காரர் தொப்பி மாதிரி விறைப்பாக இருக்கும். கினுயோவுக்கு அந்தச் சாமந்தியைப் போட்டுப் போட்டுப் புளித்துவிட்டது. இவள் போட்டது மழையில் நனைந்து சாய்ந்த சாமந்தி. கோடே இல்லை. பெரிய தூரிகையில் நீலச்சாந்தைச் சொட்டச் சொட்ட எடுத்து, தட்டைச் சாய்த்துப் பிடித்து, அந்த நீர்த்துளி ஓடுகிற ஓட்டத்திலேயே இதழை நிறுத்த வேண்டும். ஒரு மூச்சு தவறினால் நீலம் வழிந்து பூ சேறாகிவிடும். பதினேழு தட்டு அப்படிச் சேறானது. பதினெட்டாவதில் பூ நின்றது.

அன்று பார்த்துக் கண்காட்சிக் குழுவின் எகுச்சி வந்தார். தொப்பையும் பணிவுமாக இருக்கிற மனிதர். ஆனால் அவர் கண் பொல்லாத கண். எதையும் தப்பவிடாது. பலகையில் காய்ந்துகொண்டிருந்த தட்டின் முன்னால் நின்றவர் நின்றவர்தான். சுடுவதற்கு முன்னால் நீலச்சாந்து நீலமாக இருக்காது, அடுப்புச் சாம்பலைக் குழைத்த மாதிரி கருத்துக் கிடக்கும். அந்தக் கருப்பிலேயே மழை பெய்வது அவருக்குத் தெரிந்துவிட்டது. யார் போட்டது என்று கேட்டார்.

கினுயோ நாலடி தள்ளித் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாயைத் திறப்பதற்குள் மிசாவோவின் குரல் முந்திக்கொண்டது.

"இந்த வருஷம் கொஞ்சம் மழையைப் போட்டுப் பாக்கலாம்னு தோணுச்சு. உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

எகுச்சி இடுப்பு வளைய வணங்கினார். நாலாம் ஹகுரெய்யின் கையில் இப்படி ஒரு திருப்பம் வரும் என்று தான் எதிர்பார்க்கவே இல்லை, பரிசுக் குழுவிடம் இப்போதே சொல்லி வைக்கிறேன் என்றார். மிசாவோ வாயைக் கையால் மறைத்துச் சிரித்தாள். பிறகு, கினு, ஐயாவுக்குத் தேநீர் கொண்டு வா என்றாள். கினுயோ கொண்டு வந்தாள். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு மறுபடி தூரிகை கழுவப் போனாள்.

எகுச்சியின் கார் சரிவில் இறங்கி மறைந்ததும் கினுயோ பட்டறைக் கதவைச் சாத்தினாள்.

"அப்பா படத்துக்கு முன்னால கொடுத்த வாக்கு அக்கா அது."

"கொடுத்தேன். இல்லேன்னா சொன்னேன்?" மிசாவோ கிமோனோவின் கைமடிப்பைச் சரி செய்தாள். "ஏடி, யோசிச்சுப் பாரு. உன் பேரைப் போட்டு அனுப்பினா குடை வைக்கிற மூலையில வைப்பானுங்க. எந்தக் கினுயோ, எங்க இருக்கறவன்னு கேப்பானுங்க. என் பேருல போனா நடுக்கூடத்துல நிக்கும். உன் பூ நல்ல இடத்துல நிக்கட்டுமேன்னுதான் சொன்னேன்."

"என் பூவுக்கு இடம் பாக்க உன்னை யாரு கூப்பிட்டா?"

"கூப்பிடாமலே பாக்கறவதான் அக்கா. அடுத்த வருஷம் வேற ஒண்ணு போட்டுக்கோ. கைதான் இருக்கே உனக்கு, எத்தனை வேணா போடலாம்."

இந்தக் கடைசி வார்த்தைதான். கைதான் இருக்கே. வீட்டு மாட்டைப் பார்த்துப் பால்தான் இருக்கே என்று சொல்வது போல. கினுயோவுக்குத் தட்டைத் தூக்கி அவள் தலையிலேயே போட வேண்டும் என்றிருந்தது. ஆனால் தட்டு உடையுமே. மண்டை போனால் போகிறது, அந்தத் தட்டு இன்னொரு தடவை வராது.

மறுநாளிலிருந்து ஊறுகாய்க் கிண்ணம் பாதித் தூரம்கூடப் போகவில்லை. மிசாவோ தட்டினாள், தட்டினாள், பிறகு எழுந்து போய் எடுத்துக்கொண்டாள். கினுயோ சோற்றைப் பார்த்தே சாப்பிட்டாள். என்ன செய்யலாம் என்று யோசித்து யோசித்து அவளுக்குத் தலை கனத்தது. எகுச்சியிடம் போய்ச் சொல்லலாம். பொறாமை பிடித்த தங்கை என்பார்கள். தானே அடியில் பெயர் எழுதிவிடலாம்; ஈரத் துணியால் ஒரு தேய்ப்பில் அக்கா அழித்துவிடுவாள். சூளைக்குள் போவதற்கு முன் எது எழுதினாலும் அழியும். இந்த நினைப்பு வந்தபோதுதான் அவள் கண் ஜன்னலோரத்துச் சின்னக் குடுவைக்குப் போனது.

அது சுரைக்குடுக்கைக் கரி. எங்கள் பட்டறைகளில் அது இல்லாத இடமில்லை. மாதிரிப் படத்தைத் தாளில் இந்தக் கரியால் வரைந்து, தட்டின்மேல் வைத்துத் தேய்த்தால், படம் தட்டில் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் நீலச்சாந்தால் வரைவோம். தீயில் நீலம் நிற்கும், கரி எரிந்து தடமில்லாமல் போய்விடும். சாந்தைக் குழைக்கிற மாதிரியே கரியையும் தேநீரில் குழைத்தால் பார்வைக்கு அசல் நீலச்சாந்து மாதிரியே இருக்கும். ஆனால் தொட்டால் தெரியும். நீலச்சாந்து கல்லை அரைத்தது, கனமானது, நிமிஷத்துக்கு ஒரு தடவை கலக்காவிட்டால் அடியில் தங்கிவிடும், தூரிகையைப் பிடித்து இழுக்கும். கரி இறகு மாதிரி மிதக்கும். தூரிகை பிடித்து ஒரு வாரமான பிள்ளைக்கும் இது தெரிந்துவிடும். மறக்க வேண்டுமென்றால் பல வருடம் பூப் போடாமல் இருந்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு வருடம் பெயரை மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் மறக்குமா? கினுயோவுக்கு அதுதான் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளும் ஆசையில் அவளுக்குப் பசியே போய்விட்டது.

காலண்டரில் நல்ல நாள் பார்த்து மிசாவோ பெயர் எழுத வந்தாள். கண்காட்சித் தட்டு என்பதால் அன்றைக்கு அது ஒன்றுதான். சாந்து அரைப்பது எப்போதும் கினுயோவின் வேலை. காலையிலிருந்து உரலில் கடகடவென்று அரைத்தாள், கெட்டியான தேநீர் விட்டுக் குழைத்தாள். அக்காவின் கிண்ணத்தில் ஊற்றியது மட்டும் வேறு உரலிலிருந்து.

எல்லோரும் தூரிகையை வைத்தார்கள். மிசாவோ மடியில் துணி விரித்துத் தட்டைக் கவிழ்த்தாள். தூரிகையைத் தோய்த்தாள். கினுயோ மடியில் கட்டிய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். விரலில் ஒரு சொட்டு எடுத்துத் தேய்த்தால் தெரிந்துவிடும். கலக்காமலே நிற்கிறதே என்று ஒரு கணம் யோசித்தாலும் தெரிந்துவிடும். தெரியட்டும் என்றுகூட ஒரு நினைப்பு அவளுக்குள் ஓடியது. தெரிந்துவிட்டால் அவள் அப்பாவின் மகள்தான், பெயருக்குப் பாத்தியதை உள்ளவள்தான் என்று ஒப்புக்கொண்டு போய்விடலாம்.

மிசாவோ எழுதினாள். ஒரே மூச்சில், அழகாக, அப்பாவின் கையெழுத்தைப் போலவே. எழுதி முடித்துத் தூரிகையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

"இன்னைக்குச் சாந்து நல்லா அரைஞ்சிருக்கு கினு. வழுக்கிட்டுப் போகுது."

பன்னிரண்டு வருடத்தில் அக்கா சொன்ன முதல் பாராட்டு. கினுயோ தலைவணங்கி ஏற்றுக்கொண்டாள். அடிவயிற்றிலிருந்து கிளம்பிய சிரிப்பை அடக்க அவள் கன்னத்தின் உட்புறத்தைக் கடிக்க வேண்டியிருந்தது. சிரிப்போடு இன்னொன்றும் வந்தது, அது துக்கம். இவளுக்கா நான் மடியில் கை கட்டி உட்கார்ந்திருந்தேன்?

சுடுவதற்கு முன் தட்டை மெருகுப் பாலில், அதாவது தீயில் கண்ணாடியாகிற வெள்ளைக் குழம்பில், முக்குவது தொகுஜியின் வேலை. கிழவர் தட்டைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு கண்ணை உயர்த்திக் கினுயோவைப் பார்த்தார். தட்டைப் பாலில் முக்கி எடுத்தார். பூ, பெயர் எல்லாம் வெள்ளைக்குள் போய்விட்டது.

சூளை எரிந்த அந்த நாட்களில் கினுயோ சரியாகத் தூங்கவில்லை. அத்தனை பெரிய தட்டு வளையலாம், விரிசல் விடலாம். அப்படி நடந்தால் பழிவாங்கியதும் போச்சு, பூவும் போச்சு. சூளைச் சாமிக்கு வைத்த சாக்கே மதுவை அவள் இரண்டு தடவை மாற்றி வைத்தாள். மிசாவோவும் ஒரு தடவை மாற்றி வைத்தாள். இருவரும் ஒரே தட்டுக்குத்தான் வேண்டிக்கொண்டார்கள் என்பது சாமிக்கே சங்கடமாக இருந்திருக்கும்.

சூளை திறக்கிற அன்று காலையில் எகுச்சி வந்தார். கூடவே ஒரு பத்திரிகைக்காரர், ஒரு படம் எடுக்கிறவர். மிசாவோ சாம்பல் நிறக் கிமோனோவில் இருந்தாள். தொகுஜி கையுறை போட்டுக்கொண்டு தட்டை வெளியே எடுத்தார்.

விரிசல் இல்லை. வளைவு இல்லை. வெள்ளையில் மழை பெய்திருந்தது. கருத்துக் கிடந்ததெல்லாம் நீலமாகி, ஒவ்வொரு இதழும் நுனியில் அடர்ந்து, தண்டுப் பக்கம் தண்ணீராக வெளுத்து, இப்போதுதான் சாய்ந்த மாதிரி இருந்தது அந்தச் சாமந்தி. சூடு ஆறுகிற மெருகிலிருந்து மட்டும் கிணிங் கிணிங்கென்று சின்னச் சத்தம் வந்துகொண்டிருந்தது. கினுயோவுக்குக் கண் நிறைந்தது. ஒரு கணம் அவள் அக்காவை மறந்தாள், கரியை மறந்தாள். நான் போட்டது, என்று மட்டும் நினைத்தாள்.

பிறகு எகுச்சி மரியாதையாக, அடியையும் பார்க்கலாமா என்று கேட்டார். மிசாவோ இரு கையாலும் தட்டைத் திருப்பினாள்.

வெறும் வெள்ளை.

எகுச்சி குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். பெயர் எழுத மறந்துவிட்டீர்களோ என்று தயங்கிக் கேட்டார். மிசாவோ தட்டைப் பார்த்தாள், பிறகு நேராகக் கினுயோவைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தம் ஏறியது. இவதான், என்று சொல்ல வாய் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. என்ன சொல்வது? தங்கை கிண்ணத்தை மாற்றிவிட்டாள் என்றா? மாற்றியது தெரியாமல் எழுதினேன் என்றா? திருடனுக்குத் தேள் கொட்டின கதை. கத்தவும் முடியாது, விழுங்கவும் முடியாது.

இந்த இடத்தில் தொகுஜி கிழவர் முன்னால் வந்தார். அடியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"சாந்துன்னா ஒரு கறையாவது நின்னிருக்கும். இது கரிங்க." பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மிசாவோவைப் பார்த்தார். "ஆனா கரியைத் தொட்டா கைக்குத் தெரியாமலா போகும், முதலாளியம்மா?"

அங்கே நின்றவர்கள் எல்லோரும் அரித்தாக்காரர்கள். கேள்வியின் அர்த்தம் விளங்காதவர் ஒருவரும் இல்லை. பத்திரிகைக்காரர்கூடப் பென்சிலை நிறுத்திவிட்டார். இந்தக் கணத்துக்காகத்தான் கினுயோ பன்னிரண்டு வருடம் பாதித் தூரம் கிண்ணம் நகர்த்தினாள்.

ஆனால் மிசாவோ லேசுப்பட்டவள் இல்லை. அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. வாய் மூடியது. மறுபடி திறந்தபோது அதில் சிரிப்பு இருந்தது.

"தெரியாமலா? தெரிஞ்சுதான் எழுதினேன் தொகுஜி அண்ணே." எகுச்சி பக்கம் திரும்பினாள். "இந்தப் பூ என்னுது இல்லைங்க, என் தங்கச்சிது. அன்னைக்கு உங்ககிட்ட விளையாட்டுக்குச் சொன்னேன். சூளை திறக்கிற அன்னிக்கு எல்லாருக்கும் முன்னால அவ பேரை அவளுக்குக் கொடுக்கணும்னு ஆசை. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு."

எகுச்சி மிசாவோவுக்குக் குனிந்து வணங்கினார். இப்படி ஒரு அக்காவை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடியும் என்றார். பத்திரிகைக்காரர் வேகவேகமாக எழுதினார். தட்டோடு அக்காவையும் தங்கையையும் சேர்த்து நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். நாளைக்குப் பத்திரிகையில் தியாகம் செய்த அக்கா வருவாள். தியாகத்தை வாங்கிக்கொண்ட தங்கையாக ஓரத்தில் கினுயோ நிற்பாள். மிசாவோவின் கை அவள் தோளில் விழுந்தது. அந்தக் கை சூடாக இருந்தது, நகம் லேசாக அழுத்தியது.

"எழுதிக்கோடி. சிவப்பு மை கொண்டாரச் சொல்லு. மெருகு மேல எழுதி மறுபடி சின்னச் சூளையில வெச்சா நிக்கும்."

கினுயோவுக்குக் காதுக்குள் இரைந்தது. ஜெயித்ததையும் இவள் தன் கையால் தருவது போலத் தருகிறாளே. எழுதினால் பிச்சை வாங்கியவள், மறுத்தால் நன்றி கெட்டவள். பெயர் கிடைத்துவிட்டது, ஆனால் அக்கா வாயில் போட்டு மென்று எச்சிலோடு கொடுத்த பெயராக அது இருந்தது. சிவப்பு மைக் கிண்ணமும் தூரிகையும் வந்தன. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் தூரிகையை எடுத்தாள். எடுத்தவள் அதைத் திருப்பி, இரண்டு கையாலும் ஏந்தி, தலை தாழ்த்தி அக்காவிடம் நீட்டினாள்.

"பூப் போடறதுதான் என் வேலை. இந்த வீட்டுல பேர் எழுதறது உன் வேலைதானே அக்கா. நீயே எழுதிக் கொடு."

எகுச்சி, ஆகா என்றார். இதைவிட அழகாக எப்படி முடியும் என்றார். படம் எடுக்கிறவர் கிட்டே வந்து நின்றார். மிசாவோவுக்கு நகர இடமில்லை.

அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மடியில் துணி விரித்துத் தட்டைக் கவிழ்த்தாள். தூரிகையைத் தோய்த்தாள். தட்டின்மேல் கொண்டுபோனவள் நிறுத்தினாள். தூரிகை நுனியிலிருந்து ஒரு சொட்டை விரலில் எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். அத்தனை பேர் பார்க்க அதைச் செய்தாள். தொகுஜி கிழவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அசல்தான்க்கா," என்றாள் கினுயோ. "பயப்படாம எழுது."

பட்டறையில் தூரிகைகள் எல்லாம் கீழே இருந்தன. கினுயோ மட்டும் மடியில் கை கட்டவில்லை, நின்றுகொண்டே பார்த்தாள். அப்பாவின் கையெழுத்தைப் போலவே இருந்த அந்த நல்ல கையெழுத்தில், நாலாம் ஹகுரெய் வேறொருத்தியின் பெயரை எழுதினாள். எங்கள் எழுத்தில் அது இரண்டே எழுத்து. கடைசிக் கோட்டில் தூரிகை ஒரு மயிரிழை நடுங்கியது. அது கினுயோவுக்கும் மிசாவோவுக்கும் மட்டும் தெரிந்தது.

விருந்தாளிகள் தேநீருக்கு உள்ளே போனார்கள். மிசாவோ எழுந்து கிமோனோவைத் தட்டிவிட்டுக்கொண்டு, தங்கையைக் கடந்து போகும்போது நின்றாள். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, வாசலிலிருந்து பார்ப்பவர்களுக்காக.

"நாளையிலேருந்து எனக்கான சாந்தை நானே அரைச்சுக்கறேன்."

"அரை," என்றாள் கினுயோ. "கை வலிக்கும்."